ஒரே நதி, பல நகரசபைகள்

"நாங்கள் கங்கை ஜலம் குடிக்கிறவர்கள்" என்று கல்கத்தாத் தமிழர்கள் சற்றுப் பெருமையுடன் சொல்லக் கேட்டிருக்கிறோம். லேக் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள தெருக்களில் மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் குடும்பங்களுக்கு அந்தப் பெருமை உரியதே. கல்கத்தாவை ஒட்டி ஓடும் ஹுக்ளி, கங்கையின் கிளைதான். ஆயினும் அந்நகரின் பழைய நீர்நிலையம் நகருக்குள் இல்லை என்பதையும், வடக்கே ஏறத்தாழ 15 மைல் தொலைவில் பாரக்பூருக்கு அருகே பல்தா என்னும் இடத்தில், வேறொரு நகரசபையின் மண்ணில் அமைந்திருக்கிறது என்பதையும் அவர்களுள் பலர் அறியார்.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. பம்பாய்க்குத் தண்ணீர் தரும் தான்ஸா ஏரியும் தாணா ஜில்லாவில்தான் இருக்கிறது. பெரிய நகரங்கள் எல்லாம் தம் எல்லைக்கு அப்பால் கைநீட்டியே தாகம் தீர்க்கின்றன. கல்கத்தாவின் சங்கதி சற்றே வேறு. அங்கே ஒரே நதியின் இரு கரைகளிலும் நெருக்கி அமைந்த முப்பதுக்கும் மேற்பட்ட ஊர்கள், ஒவ்வொன்றும் தனித்தனி ஸ்தல ஸ்தாபனமாக இருந்துகொண்டு, அந்த நதியிலிருந்தே குடித்து, அந்த நதியிலேயே கழிவையும் விட்டுவந்தன. அவை ஒன்றுகூடி வேலை செய்ய ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு பிடித்தது. அந்த நூற்றாண்டின் கதையையே இங்குச் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் அந்த ஊர்கள் ஏன் அத்தனை துண்டுகளாக இருந்தன என்று பார்க்க வேண்டும். ஹுக்ளியின் மேற்குக் கரையில் வடக்கிலிருந்து தெற்காக ஒருவர் படகில் வந்தால், ஐரோப்பாவின் வியாபாரக் கம்பெனிகளின் வரலாறு முழுவதையும் ஒரே பகலில் பார்த்து முடித்துவிடலாம். பண்டேலில் போர்த்துக்கீசியர், சின்சுராவில் டச்சுக்காரர், சந்திரநாகூரில் பிரெஞ்சுக்காரர், ஸ்ரீராம்பூரில் டேனிஷ்காரர். தமிழ்நாட்டிலிருந்து வந்த நமக்கு இந்த வரிசை புதிதன்று. ஸ்ரீராம்பூரையும் நம் தரங்கம்பாடியையும் டென்மார்க் ஒரே உடன்படிக்கையினால் 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றது. சின்சுராவும், நம் பழவேற்காடும் சதுரங்கப்பட்டினமும், 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி டச்சுக்காரரிடமிருந்து கைமாறியவை. சந்திரநாகூரோ, புதுச்சேரிக் கவர்னரின் ஆட்சிக்கு உட்பட்டு, காரைக்காலுக்கு உறவு முறையில் தம்பியாக, 1950 வரையில் பிரெஞ்சுக் கொடியின் கீழேயே இருந்தது. அதன் படித்துறைக்கு எதிர்க்கரை இங்கிலீஷ்காரருடையது. நடுவில் ஓடிய நீர் மட்டும் யாருடைய கொடியையும் ஏற்றுக்கொள்ளவில்லை.

கொடிகள் செய்த பிரிவினையைச் சணல் மேலும் பெருக்கிற்று. 1855இல் ரிஷ்ராவில் முதல் சணல் ஆலை தோன்றியது. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் இரு கரைகளிலும் புகைபோக்கிகள் தென்னந்தோப்புப் போல் எழுந்தன. பிகாரிலிருந்தும், இன்றைய உத்தரப் பிரதேசத்திலிருந்தும், ஒரிஸ்ஸாவிலிருந்தும் ஆட்கள் வந்தனர். கஞ்சம், விசாகப்பட்டினம் ஜில்லாக்களிலிருந்து தெலுங்கரும் வந்தனர். அவை அக்காலத்தில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தவை ஆதலால் அவர்களையும் வங்காளத்தில் 'மதராஸி' என்றே குறித்தார்கள். இன்று டில்லியில் நம்மை அப்பெயரால் அழைக்கும்போது முகம் சுளிக்கும் அன்பர்கள், அதை நமக்கு முன்னே சுமந்தவர்கள் இந்த ஆலைத் தொழிலாளிகள் என்பதை நினைவிற் கொள்ளலாம்.

ஆலை வந்த இடத்தில் வரிப்பணமும் வந்தது. வரிப்பணம் வந்த இடத்தில், 'நம் பணம் நம் ஊருக்கே' என்ற எண்ணமும் வந்தது. டீட்டாகர் 1895இல் தெற்குப் பாரக்பூரிலிருந்து பிரிந்து தனி நகரசபையாயிற்று. அடுத்த ஆண்டு காரூலியா வடக்குப் பாரக்பூரிலிருந்து பிரிந்தது. 1899இல் பாட்பாரா நைஹாட்டியிடம் விடைபெற்றது. 1915இல் ரிஷ்ராவும் கொன்னகரும் சேர்ந்து ஸ்ரீராம்பூரிலிருந்து விலகின. பிறகு 1944இல் தமக்குள்ளேயே பாகம் பிரித்துக்கொண்டன. இவ்வாறு பிறந்த நகரசபைகள் பலவற்றில் சேர்மன் நாற்காலியில் அமர்ந்தவர் ஆலை மானேஜர். டண்டீயிலிருந்து வந்த அந்த ஸ்காட்லாந்துக்காரருக்கு நகரசபை என்பது ஆலைக் காம்பவுண்டின் நீட்சியே. தம் குடியிருப்புகளுக்கு விளக்கும் குழாயும் போட்டுக்கொண்டவர்கள், அடுத்த ஊரைப் பற்றிக் கவலை கொள்ள வேண்டிய காரணம் ஒன்றையும் காணவில்லை. அவர்களை மட்டும் குறைகூறுவதும் நியாயமன்று. வரி செலுத்துபவன் வரியின் பயனைத் தன் வாசலில் காண விரும்புவது உலக இயற்கை. பிரிந்துபோன ஊர்களில் சில, சேர்ந்திருந்தபோது கண்டதைவிட நல்ல ரஸ்தாக்களைக் கண்டன என்பதும் உண்மை.

தண்ணீர் மட்டும் இந்தக் கணக்குக்கு அடங்கவில்லை.

1860களின் இறுதியில் கல்கத்தா பல்தாவில் நீர் எடுத்து, மணலில் வடிகட்டி, இரும்புக் குழாய் வழியே நகருக்குக் கொண்டுவரத் தொடங்கியது. நகரின் அழுக்குக்கு மேலே, நீரோட்டத்தின் தூய பகுதியில் எடுக்க வேண்டும் என்பதே அவ்வளவு தூரம் சென்றதன் நோக்கம். நதிக்கு அக்கரையில் ஹௌரா நகரசபையும் இவ்வாறே எண்ணி, 1896இல் தன் நீர்நிலையத்தைத் தன் ஊரில் அமைக்காமல் ஸ்ரீராம்பூரில் அமைத்தது. இரண்டு நகரங்களும் அடுத்தவர் படித்துறையில் குடத்தை நனைத்தன. ஆனால் அவை குடம் நனைத்த அந்தக் கரைகளிலேயே சணல் ஆலைகள் மேன்மேலும் பெருகின. தூய பகுதி என்று தேடிச் சென்ற இடத்துக்கும் மேலே புதிய நகரசபைகள் தோன்றி, தத்தம் சாக்கடையை நதியில் திறந்துவிட்டன.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது பற்றிப் பெரும் விவாதம் ஒன்று நடந்தது. ஆலைகள் தொழிலாளர் குடியிருப்புகளில் மலக்கழிவுத் தொட்டிகள் கட்டி, அவற்றில் தெளிந்து வந்த நீரை ஹுக்ளியில் விட்டன. ஆலைக்காரர்களும் சில சுகாதார நிபுணர்களும், "இது விஞ்ஞான முறைப்படி சுத்தமான நீர்" என்றார்கள். கங்கையில் ஸ்நானம் செய்பவர்களோ, "எத்தனை முறை தெளிந்தாலும் அது அதுதான்" என்றார்கள். பல்தாவில் குழாய் வைத்திருந்த கல்கத்தாவுக்கும் கவலை ஏற்பட்டது. இதில் மூன்று தரப்பாருக்கும் நியாயம் இருந்தது. ஒரு தரப்பாரும் மற்றவருடன் உட்கார்ந்து பேசிச் செலவைப் பங்கிட்டுக்கொள்ள ஓர் அமைப்பு இல்லை. ஆலை நகரசபையின் சேர்மனுக்குக் கல்கத்தாவின் வயிற்றுப்போக்கு தம் பட்ஜெட்டில் ஒரு தலைப்பு அன்று.

கல்கத்தாவுக்குள்ளும் ஒரு விசித்திர ஏற்பாடு இருந்தது. வடிகட்டிய நீர் ஒரு குழாயிலும், வடிகட்டாத நதிநீர் மற்றொரு குழாயிலும் வந்தன. இரண்டாவது குழாய் தெருக் கழுவுவதற்கும் தீயணைப்பதற்கும் ஏற்பட்டது. 1911இல் டாலாவில் 100 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் 90 லட்சம் காலன் கொள்ளும் இரும்புத் தொட்டியைக் கட்டி உலகை வியக்கவைத்த அதே நகரத்தில், பஸ்தி என்று வழங்கும் குடிசைப் பகுதிகளில் இருந்த ஏழை மக்கள் கலங்கல் நீர்க் குழாயிலேயே குளித்தார்கள், பாத்திரம் கழுவினார்கள், நல்ல நீர் நின்றுபோன வேளையில் அதையே குடிக்கவும் செய்தார்கள். வாந்திபேதிக் கிருமியை ராபர்ட் காக் 1884இல் ஆராய்ந்து உறுதிப்படுத்தியது இதே கல்கத்தாவில்தான். கிருமி எது, அது எதில் பரவுகிறது என்று உலகுக்கே தெரிந்துவிட்ட பிறகும், அந்நகரத்துத் தாய்மார்கள் ஆண்டுதோறும் கோடைக்காலத்தை அச்சத்துடனேயே எதிர்பார்த்தார்கள்.

அக்கம்பக்கத்து ஊர்களைச் சேர்த்துக்கொள்ள ஒரு வழி கையாளப்பட்டது. அது விழுங்குவது. சுரேந்திரநாத் பானர்ஜி கொண்டுவந்த 1923ஆம் ஆண்டுச் சட்டத்தினால் மாணிக்தலா, காசிப்பூர்-சித்பூர், கார்டன் ரீச் ஆகியவை கல்கத்தாக் கார்ப்பொரேஷனோடு சேர்க்கப்பட்டன. மறு ஆண்டு சித்தரஞ்சன் தாஸ் முதல் மேயரானார். சுபாஷ் சந்திர போஸ் தலைமை நிர்வாக அதிகாரியாக அமர்ந்தார். கார்டன் ரீச் சில ஆண்டுகளுக்குள் மறுபடியும் பிரிந்துகொண்டது. டாலிகஞ்ச் 1953இல் சேர்ந்தது. ஆனால் டீட்டாகரையும் பாட்பாராவையும், அக்கரையில் ஹௌராவையும் விழுங்கும் அளவுக்குக் கல்கத்தாவின் வாய் பெரிதன்று. அவ்வூர்களும் விழுங்கப்படச் சம்மதிப்பவை அல்ல.

1947இல் வங்காளம் பிரிவினையுற்றது. கிழக்கிலிருந்து லட்சக்கணக்கான அகதிகள் வந்து சேர்ந்தனர். சதுப்பு நிலத்திலும், ரயில் பாதை ஓரத்திலும், காலியாகக் கிடந்த தோட்டங்களிலும் காலனிகள் எழுந்தன. அவற்றுள் பல எந்த நகரசபையின் திட்டத்திலும் இல்லாதவை. இதற்கிடையில் கோடையில் மேலிருந்து வரும் நன்னீர் குறைந்து, கடலின் உப்பு பல்தாவை நோக்கி ஏறத் தொடங்கியது. 1958இல் வாந்திபேதி கடுமையாகப் பரவிற்று.

இந்தத் துக்கத்திலிருந்தே திட்டம் பிறந்தது. 1959இல் உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர் குழு ஒன்று வந்து ஆராய்ந்தது. குழுவினர் குழாயையும் சாக்கடையையும் பார்க்க வந்தவர்கள். பார்த்தபின் அவர்கள் சொன்ன யோசனையோ நிர்வாகத்தைப் பற்றியது. தண்ணீருக்கும் கழிவுநீருக்கும் அந்தப் பிரதேசம் முழுவதற்கும் ஒரே அதிகார அமைப்பு வேண்டும் என்பது அதன் சாரம். முதல் மந்திரி டாக்டர் பிதான் சந்திர ராய் தாமே வைத்தியர். நோயாளியின் ஒரு விரலுக்கு மட்டும் மருந்து கொடுத்துப் பயனில்லை என்பதை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1961இல் கல்கத்தா மாநகர்ப் பிரதேசத் திட்ட ஸ்தாபனத்தை அவர் ஏற்படுத்தினார். போர்டு அறநிலையம் அயல்நாட்டு நிபுணர்களை அனுப்பி உதவியது. மறு ஆண்டு ஜூலை முதல் தேதி டாக்டர் ராய் காலமானார்.

ஐந்தாண்டு உழைப்பின் பின் 1966இல் அடிப்படை அபிவிருத்தித் திட்டம் வெளிவந்தது. இருபது ஆண்டுகளுக்கான அந்த நூல் வெறும் குடிநீர்த் திட்டமன்று. கல்கத்தாவின் நெரிசலைக் குறைக்க வடக்கே கல்யாணியையும் எதிர்க்கரையிலுள்ள பான்ஸ்பேரியாவையும் இணைத்து இரண்டாவது தொழில் மையம் ஒன்றை வளர்க்க வேண்டும் என்றது. துறைமுகம், நதிமேல் புதிய பாலம், ரஸ்தா, வீடு, தொழில் யாவையும் ஒரே படத்தில் வரைந்தது. இரு கரைகளும் ஒரே ஊர் என்று ஒரு சர்க்கார் பத்திரம் அவ்வளவு விரிவாகச் சொன்னது அதுவே முதல் தடவை என்பது நம் எண்ணம்.

இங்கே ஒரு சொந்தக் குறிப்பு. சர்க்கார் கோப்புகளை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பெயர்ப்பது நம் தொழில். இத்தகைய திட்டங்களில் பக்கத்துக்குப் பத்து இடத்தில் 'ஒருங்கிணைப்பு' என்ற சொல் வரும். அதை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவதில் நமக்குச் சிரமம் ஒன்றும் இல்லை. அந்தச் சொல்லைக் காரியமாக மொழிபெயர்க்க வேண்டியவர்களுக்கே சிரமம். ஒரு நகரசபை தன் வரியில் ஒரு பங்கையும், தன் எஞ்சினீயரின் நேரத்தில் ஒரு பங்கையும், தன் கௌரவத்தில் பெரும் பங்கையும் விட்டுக்கொடுத்தால்தான் அச்சொல் உயிர் பெறும். இந்திய நகரசபைச் சட்டங்கள் பலவற்றில் கூட்டுக் கமிட்டி அமைத்துக்கொள்ள இடமுண்டு. அந்த இடம் பெரும்பாலும் காலியாகவே கிடந்தது.

கல்கத்தாவிலும் நகரசபைகள் தாமாகக் கூடவில்லை; கூட்டப்பட்டன. 1970இல் மேற்கு வங்கம் ஜனாதிபதி ஆட்சியில் இருந்தபோது கல்கத்தா மாநகர் அபிவிருத்தி அதிகார சபை நிறுவப்பட்டது. நகர்ப் பிரதேசத்துக்குள் நுழையும் சரக்குகள்மீது நுழைவு வரி விதித்து, அதில் ஒரு பங்கு இந்தச் சபைக்கும், ஒரு பங்கு ஸ்தல ஸ்தாபனங்களுக்கும் என்று ஏற்பாடு செய்தார்கள். பின்னர் உலக வங்கியின் கடனும் கிடைத்தது. அதன்பின் வேலை மும்முரமாக நடந்தது. நகரமெங்கும் பள்ளங்கள் தோண்டப்பட்டன. அக்காலத்தில் அங்கே வசித்தவர்கள் பள்ளத்தில் விழாமல் ஆபீஸ் போய்ச் சேர்ந்ததையே ஒரு சாகசமாகச் சொல்வார்கள். பஸ்திகளில் குழாய் வந்தது. மனிதன் தலையில் சுமக்கும் எடுப்புக் கக்கூஸ்கள் பல இடங்களில் மறைந்தன. லட்சக்கணக்கான ஏழைகளின் அன்றாட வாழ்வை அந்த வேலை மாற்றிற்று என்பதை யாரும் மறுக்க முடியாது.

ஆயினும் அதில் ஒரு குறை தங்கிவிட்டது. வேலையைச் செய்தவர் ஒருவர், அதை வைத்துக் காப்பாற்ற வேண்டியவர் வேறொருவர். அதிகார சபை சாக்கடையைக் கட்டி முடித்து, "இனி உங்கள் பொறுப்பு" என்று நகரசபையிடம் சாவியைக் கொடுத்தது. நகரசபையிடம் பம்ப்பை ஓட்ட ஆள் இல்லை, மின்சாரக் கட்டணத்துக்குப் பணம் இல்லை. தான் கேட்காத இடத்தில், தான் வரையாத படத்தின்படி எழுந்த சாக்கடையின்மேல் அதற்குப் பிரியமும் இல்லை. கல்கத்தாக் கார்ப்பொரேஷனிலோ, 1972 முதல் 1985 வரையில் தேர்ந்தெடுக்கப்பட்ட சபையே இல்லாமல் அதிகாரிகளே ஆண்டார்கள். ஒத்துழைப்பதற்கென்று ஏற்பட்ட அமைப்பு, ஒத்துழைக்க வேண்டியவர்களைப் பார்வையாளர்களாக்கிவிட்டது. அவசரத்தில் வேறு வழி இருந்திருக்குமா என்று கேட்டால், இருந்திராது என்றே நமக்குத் தோன்றுகிறது. வாந்திபேதி, கமிட்டிகள் கூடி முடியும்வரை காத்திருப்பதில்லை. ஆனால் அவசரம் தீர்ந்த பிறகும் அந்த முறையே நீடித்ததுதான் பிழை.

அதைத் திருத்தும் முயற்சி 1980களில் தொடங்கிற்று. 1981இல் மேற்கு வங்க நகரசபைகளுக்குத் தேர்தல் நடந்தது. அதன்பின் 1983 வாக்கில் அபிவிருத்தித் திட்டத்தின் மூன்றாம் கட்டம் தொடங்கியபோது, நகரசபை அபிவிருத்தித் திட்டம் என்று ஒரு பகுதி அதில் சேர்க்கப்பட்டது. உங்கள் ஊருக்குக் கிடைக்கும் தொகை இவ்வளவு. எந்தத் தெருவுக்கு வடிகால், எந்தப் பேட்டைக்குக் குழாய் என்று நீங்களே முடிவுசெய்து, நீங்களே வேலையையும் நடத்துங்கள் என்பது அதன் கருத்து. கவுன்சிலர்களுக்குள் சண்டை வந்தது. என் வார்டு, உன் வார்டு என்ற பழைய பாட்டும் கேட்டது. எனினும் படம் வரையவும், மதிப்பீடு போடவும், கணக்குக் காட்டவும் சிறிய நகரசபைகள் கற்றுக்கொண்டன. பல ஊர்களுக்குப் பொதுவான நீர்நிலையம், பெருங்குழாய் போன்றவை அதிகார சபையிடம் இருந்தன. தெருவுக்குள் போகும் சிறு குழாய் நகரசபையிடம் வந்தது. இந்தப் பங்கீடு முன்னைவிட இயற்கையானது.

1992இல் அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் நிறைவேறி, 1993 ஜூன் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. 10 லட்சத்துக்கு மேற்பட்ட ஜனத்தொகையுள்ள மாநகர்ப் பிரதேசம் ஒவ்வொன்றுக்கும் ஒரு திட்டக் குழு அமைய வேண்டும். அதன் அங்கத்தினருள் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதவர்கள் நகரசபை அங்கத்தினர்களாலும் பஞ்சாயத்துத் தலைவர்களாலும் தமக்குள்ளிருந்து தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்று அது விதித்தது. நாட்டின் பெரிய நகரங்கள் பலவும் இந்த விதியைப் பல ஆண்டுகள் அலமாரியிலேயே வைத்திருந்தன. மேற்கு வங்கம் 1994இல் அதற்குச் சட்டம் இயற்றி, 2001இல் குழுவையும் அமைத்தது. இந்தியாவில் அத்தகைய குழு ஏற்பட்டது அங்கேதான் முதன்முறை. கல்கத்தா கொல்கத்தா என்று பெயர் மாறியதும் அதே ஆண்டில். குழுவுக்குத் தலைவர் முதல் மந்திரி என்பதால் மேலிருந்து வரும் கை முற்றும் விலகிவிடவில்லை. ஆனாலும் நைஹாட்டியைப் பிரிந்த பாட்பாராவும், ஸ்ரீராம்பூரைப் பிரிந்த ரிஷ்ராவும், ஒரு காலத்தில் புதுச்சேரிக்குக் கட்டுப்பட்ட சந்திரநாகூரும் ஒரே தொகுதியின் வாக்காளர்களாயின.

பல்தா நீர்நிலையம் இன்றும் நீர் இறைத்துக்கொண்டிருக்கிறது; அதற்கு இந்திரா காந்தியின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். அங்கிருந்து புறப்படும் பெருங்குழாய்கள் பாரக்பூர் டிரங்க் ரோட்டோடு தெற்கே வருகின்றன. டீட்டாகர், கடதா, பாணிஹாட்டி, காமார்ஹாட்டி, பாராநகர் என்று நகரசபைக்குப் பின் நகரசபையைக் கடந்தபின்தான் அவை டாலாத் தொட்டியை அடைகின்றன.